தங்கசாமியின் மூன்றாவது அழைப்பு

கோர்ட்டில் பெயர் சொல்லி ஆளைக் கூப்பிடும் டவாலி வேலை தங்கசாமிக்கு. மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றுக்கும் ஆள் வராவிட்டால், வரவில்லை என்று எழுதி வழக்கை, போட்டவர் பக்கமாகவே முடித்துவிடுவார்கள். அரியலூரில் ஒரு திங்கட்கிழமை காலை, வராந்தாவில் நின்று "பிரதிவாதி கலியம்மாள்" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார். பதில் இல்லை. மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, படியிறங்கி வேப்பமரத்தடிக்குப் போனார். அங்கே சம்மன் தாளைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே குனிந்து நின்று, மூன்றாவது அழைப்பை மெதுவாகச் சொன்னார்.

"கலியம்மாள் நீங்கதானாம்மா? உள்ள கூப்பிடுறாங்க, வாங்க."

இதை உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ராசாங்கம். வழக்குப் போட்டவர். கலியம்மாளின் கூடப்பிறந்த தம்பி.

திருமழபாடியில் அப்பா விட்டுப்போன வயல் ஒன்றரை ஏக்கர். கல்யாணத்தில் சீர் செய்ததோடு அக்காவின் பங்கு தீர்ந்தது, நிலம் முழுக்கத் தனக்கே என்பது ராசாங்கத்தின் வழக்கு. தா.பழூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பதை அவர் ஒன்பதரைக்கே பார்த்துவிட்டார். சின்ன வயதில் அம்மை போட்டதில் அவளுக்கு இடது காது அடியோடு போனது, வலது காதும் மந்தம். வராந்தாவில் போடும் சத்தம் அவளுக்கு எட்டாது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் தடவை பெயர் கேட்டபோது குனிந்து தன் காலைப் பார்த்தார். இரண்டாவது தடவை, ஊர்க்கோயில் வைத்தியநாத சாமியை நினைத்து, அவள் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதலை நினைத்தால் இன்றும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

வக்கீல் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கலியம்மாளுக்கு வாய்தா கொடுத்தார் நீதிபதி. வெளியே வந்ததும் அவள் நேரே தம்பியிடம்தான் வந்தாள்.

"ராசாங்கம், நான் அப்பலேருந்து அந்த மரத்தடியிலதான்டா ஒக்காந்திருந்தேன். நீ பாக்கலையா?"

"பாக்கலக்கா."

"நல்லவேளை, அந்த மனுசன் வந்து சொன்னாரு. இட்லி கொண்டாந்திருக்கேன், திங்கிறியா?"

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் போனதும் வக்கீல் குமாஸ்தா பாலாஜி சிரித்தான். "என்னண்ணே, டவாலியே உங்க அக்காவுக்கு வக்கீலா வந்துட்டாரு! பீஸு யாரு குடுத்தா?"

விளையாட்டுப் பேச்சுதான். ராசாங்கம் அதைப் பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானமே பெயர் போடாமல் ஒரு மொட்டை மனு எழுதித் தபாலில் சேர்த்தார். டவாலி தங்கசாமி லஞ்சம் வாங்கிக்கொண்டு, இடது காது கேட்காத பொம்பளையைத் தேடிப் போய் அழைத்து வந்தார் என்று எழுதியிருந்தார்.

விசாரணை வைத்தார்கள். அது முடியும்வரை பெயர் கூப்பிட வேண்டாமென்று தங்கசாமியைப் பழைய வழக்குக் கட்டுகள் இருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அவர் மேல் தப்பில்லை என்று முடிவதற்குள் ஓய்வு பெறும் நாளே வந்துவிட்டது. வாலிகண்டபுரத்திலிருந்து பெரம்பலூர் வந்து, பஸ் மாறி, இருபத்தாறு வருடம் வேலைக்கு வந்துபோன மனிதர். கடைசி எட்டு மாதம் அவர் குரல் அந்த வராந்தாவில் கேட்கவில்லை. ராசாங்கம் வாய்தாவுக்குப் போகும்போது, தலையெல்லாம் தூசியாக, வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு தங்கசாமி எதிரே வருவார். "வந்துட்டீங்களா, வாங்க" என்பார். ராசாங்கம் சுவரோரமாக ஒதுங்கிப் போவார்.

பங்குனியில் திருமழபாடி கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழா வந்தது. வருடாவருடம் தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிற அக்கா, அந்தத் தடவை சாமியை மட்டும் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கூட்டத்தில் ராசாங்கம் "அக்கா, அக்கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. மூன்றாவது தடவைக்கு அவருக்குக் குரல் வரவில்லை. சன்னதிக்குள் போய் நிற்கவும் முகமில்லை.

அடுத்து வந்த மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, பாதி வயல் அக்காவுக்கு என்று சமாதானமாகக் கையெழுத்துப் போட்டார். பாரம் அதோடு இறங்கவில்லை. வாலிகண்டபுரத்துக்கு பஸ் ஏறினார்.

தங்கசாமியின் மனைவி ராசாத்தி தண்ணீர் கொடுத்தார். "ஒக்காருங்க தம்பி. ஊரையே கூப்பிட்டவருக்கு இப்ப நான்தான் டவாலி. சோத்துக்கு மூணு தடவ கூப்பிடுவேன், வரலன்னா சட்டியக் கவுத்துருவேன்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

ராசாங்கம் செம்பைக் கீழே வைத்தார். "ஐயா, அந்த மொட்ட மனு நான் எழுதுனதுங்க."

"தெரியும்ங்க."

"எப்படிங்க?"

"விசாரணையில படிச்சுக் காட்டுனாங்க. இடது காதுன்னு போட்டிருந்துச்சு. எனக்கே அப்பதான் தெரியும். கையில சம்மன் தாளு இருக்கேன்னுதான் அன்னிக்கு நான் எறங்கிப் போனேன். எந்தக் காதுன்னு கூடப் பொறந்தவருக்குத்தானே தெரியும்?"

ராசாங்கத்துக்குத் தலை நிமிரவில்லை. அவளுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சும்மா இருந்தேன் என்பதைத் தன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறார்.

"அப்பவே சொல்லியிருந்தா ஒங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லியே, ஏங்க சொல்லல?"

"பாக்கலன்னு நீங்க சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். அந்தம்மா அத நம்பிட்டுப் போனாங்க. நான் வாயத் தொறந்தா தம்பி மேல இருக்குற அந்த நம்பிக்கையும் போயிருமே."

பஸ் நிறுத்தம் வரைக்கும் தங்கசாமி கூடவே நடந்து வந்தார். ராசாங்கம் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. ஆடி பிறப்பதற்குள் தங்கசாமி தவறிவிட்டார்.

"அக்கா வூட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டார், அன்று நிறுத்தத்தில் நிற்கும்போது.

"இல்லைங்க. நந்தி கல்யாணத்துல கூப்பிட்டேன். திரும்பவே இல்ல."

பஸ் வந்தது. ராசாங்கம் படியில் கால் வைத்ததும் பின்னாலிருந்து தங்கசாமி சொன்னார்:

"எட்ட நின்னு கூப்பிடாதீங்க. கிட்டக்க போயி, வலது பக்கமா நின்னு கூப்பிடுங்க."