நான் சொல்லி வெந்த கால்கள்

1. பெருமாள்மலையில் வந்த போன்

பெருமாள்மலை முக்கில் பழனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மார்கழி மாதம். காலை ஒன்பது மணி ஆகியும் பனி விலகவில்லை. போன் அடித்தது. வடகவுஞ்சியிலிருந்து செல்வி, எங்கள் நோயாளி பேச்சியம்மாளின் மருமகள்.

"சார், அத்தைக்கு ரெண்டு காலும் வெந்து கெடக்கு. கொப்புளம் கொப்புளமா தொங்குது. வெரசா வாங்க சார்."

"வலிக்குதுங்குறாகளா?"

"இல்லேங்குறாக சார். உக்காந்து பூண்டுத்தாளு நறுக்கிக்கிட்டு இருக்காக."

வலிக்கவில்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது.

இளம் பணியாளர்களுக்காக எழுதுவதால் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழுநோய்ப் பிரிவில் மருத்துவமில்லா மேற்பார்வையாளர், சுருக்கமாக என்.எம்.எஸ். முப்பத்தோரு வருஷம். அவ்வளவு நீளப் பெயர் ஊர்க்காரர்கள் வாயில் நுழையாது. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் தேமல் தேடுகிற ஆள் என்பதால் 'தேமல் சார்' என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பேச்சியம்மாளுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நோய் தீர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எம்.டி.டி. என்கிற கூட்டு மாத்திரையை ஒரு நாள் தவறாமல் பன்னிரண்டு மாதம் சாப்பிட்டார். கார்டில் 'ஆர்.எஃப்.டி.' என்று, அதாவது சிகிச்சை முடிந்தது என்று, எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியிருந்தார். அவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆனால் மாத்திரை கிருமியைக் கொல்லுமே தவிர, செத்த நரம்பை எழுப்பாது. இரண்டு பாதத்திலும் கைவிரல்களிலும் அவருக்கு உணர்ச்சி இல்லை. தோட்டத்துச் சேற்றில் ஒரு செருப்பு கழன்றுபோனால், வீடு வந்து குனிந்து பார்க்கும்போதுதான் தெரியும். நறுக்குகிற பூண்டு சிவந்தால் விரல் வெட்டுப்பட்டது என்று அர்த்தம். சோற்றுப்பானையை வெறுங்கையால் இறக்கிவைத்துவிட்டு, தோல் பானையில் ஒட்டியிருப்பதைப் பிறகு பார்ப்பார். நாமெல்லாம் தூக்கத்தில்கூடச் செய்துகொள்ளும் காவலை அவர் நாள் முழுக்கக் கண்ணால் செய்தாக வேண்டும்.

2. நான் நடத்திய பாடம்

போய்ச் சேர்ந்தேன். செல்வி கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றாள். பேச்சியம்மாள் உள்ளே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். இவ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் போனப் போட்டுருவா."

காலைப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே சீராகக் கோடு போட்டதுபோல் வெந்திருந்தது. மேல் தோல் கழன்று விரல்களில் தொங்கியது.

"என்னக்கா பண்ணீங்க?"

"நீங்க சொன்னாப்லதான் சார் பண்ணேன். தெனமும் இருவது நிமிஷம் ஊற வச்சேன். ஒரு நிமிஷம் கொறைக்கல."

"தண்ணி?"

"இந்தக் குளுருல பச்சத்தண்ணியில யாரு சார் கால வைப்பா? நேத்து காச்சித்தான் ஊத்துனேன்."

உணர்ச்சியில்லாத பாதம் வறண்டு வெடிக்கும், வெடிப்பில் புண் வரும். அதனால் தினமும் தண்ணீரில் ஊற வை, கல்லால் மெதுவாகத் தேய், எண்ணெய் தடவு, கண்ணால் பார். இதுதான் பாடம். இருபது வருஷமாகத் திண்டுக்கல் பக்கம் இதை ஒப்பித்தவன் நான். அங்கே வெயிலுக்குக் காலைத் தண்ணீரில் வைப்பதே சுகம், யாரும் காய்ச்ச மாட்டார்கள். மலைக்கு மாற்றலாகி வந்து மூன்றாவது மாதம், கார்த்திகைக் கடைசியில், இங்கேயும் பிளாஸ்டிக் தொட்டியை வைத்து அதே பாடத்தை அப்படியே நடத்தினேன். கைதட்டல்கூட வாங்கினேன். கீழே சமவெளித் தண்ணீருக்குச் சொன்ன பாடத்தை, விரல் வைத்தால் விறைக்கும் தண்ணீருக்குச் சொல்லியிருக்கிறேன். சூடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிற புத்திக்கு அது தோன்றவில்லை.

3. டாக்டரம்மா கேட்ட கேள்வி

108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா இரண்டு காலையும் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை, பேச்சியம்மாளுக்கு முன்னாலேயே சொன்னார்.

"இன்பெக்‌ஷன் எலும்புக்கு எறங்கிட்டா விரல எடுக்க வேண்டி வரும்மா. இடது காலு இன்னும் மோசம். அங்க பாதமே போகலாம். எப்படிம்மா ஆச்சு?"

"கொதிக்கிற பான கவுந்துருச்சு தாயி," என்றார் பேச்சியம்மாள், என் பக்கம் திரும்பாமலே.

நான் அதைத் திருத்தவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டரம்மா மருந்து எழுத நகர்ந்ததும் குனிந்து கேட்டேன்.

"ஏங்க்கா பொய் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? இந்த மலையில என் காலக் கையில எடுத்துப் பாக்குற ஆளு நீங்க ஒருத்தருதான். உங்களத் தூக்கி எங்கயாச்சும் போட்டுட்டா, நான் யாருகிட்டப் போறது?"

கால் போகப்போகிறது என்று கேட்ட ஒரு பெண், அந்த நேரத்தில் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நேரே போய் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதே பாடத்த இன்னும் எத்தன பேருக்கு எடுத்திருக்கீங்க?"

மலையில் மொத்தம் ஒன்பது பேருக்கு எடுத்திருந்தேன். பேச்சியம்மாள் போக எட்டுப் பேர்.

"இங்க நின்னு அழுதுக்கிட்டு இருக்காதீங்க. கெளம்புங்க."

ஏழு பேரைப் போனில் பிடித்துவிட்டேன். நாலு பேர் ஊறவே வைக்கவில்லையாம். என் பேச்சைக் கேட்காதவர்கள்மேல் அன்றைக்குத்தான் முதன்முதலாக நன்றி பிறந்தது. மூன்று பேர் வெதுவெதுப்பாக வைத்துத் தப்பியிருந்தார்கள். அட்டுவம்பட்டியில் ஒரு காட்டேஜில் வாட்ச்மேனாக இருந்த அந்தோணி மட்டும் போனை எடுக்கவில்லை. டூவீலரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காஸ் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். தொட்டி தரையில் தயாராக இருந்தது.

"சரியா வந்தீக சார். நேத்து சூடு பத்தலையோனு தோணுச்சு, ஒன்னுமே தெரியல. அதான் இன்னிக்கி நல்லாக் கொதிக்க விட்டுருக்கேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அன்றைக்கு நான் வாயை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். மேலிடத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். டாக்டரம்மா எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரை நான் மறக்க மாட்டேன்.

4. யார் கை

பேச்சியம்மாள் ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாதம் தப்பியது. இடது காலில் சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்தது. அது என் கணக்கில்தான் சேரும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா செல்வியையும் வரச் சொல்லியிருந்தார். ஊற வைப்பதை நிறுத்தக் கூடாது, ஆனால் உணர்ச்சி உள்ள இன்னொருவர் கை வைத்துப் பார்த்த தண்ணீரில்தான் வைக்க வேண்டும் என்றார். வீட்டில் அந்த இன்னொருவர் செல்விதான். மகன் கேரளாவில் வேலையில் இருந்தான்.

அந்த வீட்டு நடப்பு எனக்குத் தெரியும். பேச்சியம்மாளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். செல்வி கெட்டவள் இல்லை. கைக்குழந்தைக்காரி, பயம். ஒட்டாது, ஒட்டாது என்று நானும் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவாள், டம்ளர் மாறாது. பேச்சியம்மாளும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

செல்வி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்.

"மொதல்ல என் கைய விட்டுப் பாத்துட்டு, அதுக்கப்பறம்தான் அத்த கால வைப்பாகளா சார்?"

"ஆமாத்தா. உன் கை முந்தி, அவக காலு பிந்தி."

"அப்பச் சரி சார். பண்றேன்."

மாமியார் கால் பட்ட தண்ணீரைத் தொட வேண்டாம் என்று பயத்துக்கு ஒரு வரிசை கிடைத்ததும் அவள் மனசு இறங்கி வந்துவிட்டது. அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல வேளை பேசவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, பாடம் என்று இதைத்தான் சொல்ல முடியும். எந்த வீட்டிலும் அறிவுரை சொல்லும் முன்னே, அந்த வீட்டுத் தண்ணீரில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். அடுப்பு எங்கே, செருப்பை எங்கே கழற்றுகிறார்கள், யார் யாரைத் தொடுகிறார்கள் என்று பாருங்கள். எல்லாம் பார்த்த பிறகு வாயைத் திறந்தால் போதும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இன்னொருவர் விரல் செலவானது.

பதினோரு வருஷம் கழித்து, ஓய்வு பெறும் வாரம் கடைசி ரவுண்டாக வடகவுஞ்சிக்குப் போனேன். வழக்கம்போல பையை இறக்கி, உணர்ச்சி தொட்டுப் பார்க்கப் பேனாவை எடுத்துக்கொண்டு, பேச்சியம்மாளின் எம்.சி.ஆர். என்கிற மெத்து ரப்பர் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அடுப்படியிலிருந்து செல்வி வந்தாள்.

"வெள்ளனே நானே பாத்துட்டேன் சார். வலது குதியில சின்னதா ஒரு வெடிப்பு இருந்துச்சு, தேச்சு எண்ண போட்டு விட்டுருக்கேன். திரும்பத் திரும்ப நோண்டாதீக. இந்தாங்க, டீயக் குடிங்க."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவ இப்படித்தான் சார், என்னயவே தொட விட மாட்டா," என்றார்.

செல்வி இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று. மாமியாருக்குக் கொடுத்த இன்னொன்றில் பாதி குடித்ததும், "போதும் அத்த, குடுங்க," என்று வாங்கி மீதியைத் தானே குடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். நான் பேனாவைப் பையில் போட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் எனக்குச் சோலி இல்லாமல் உட்கார்ந்து டீ குடித்த ஒரே வீடு அதுதான்.