செவிலிமேட்டு அக்கா கொடுத்த முறை

இதை எழுத வேண்டும் என்று நினைத்ததும் பல வருடம், வேண்டாம் என்று தள்ளிப்போட்டதும் பல வருடம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேனா பிடித்ததைவிட ஆட்டோவின் ஹாண்டில்பாரைப் பிடித்ததுதான் அதிகம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அக்காவேதான். எழுதட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், "என்னப் பத்தி இன்னாத்துக்குபா எழுதற? நான் இன்னா செத்தா போய்ட்டேன்?" என்று சிரித்தே என் வாயை அடைத்துவிடுவார். ஆனால் இப்போது எங்கள் ஸ்டாண்டில் இந்தக் கதை வேறு மாதிரி வளர்ந்துவிட்டது. அக்கா எங்கள் வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் படுத்துவிட்டார் என்கிறார் ஒருவர். அம்பாள் என் கனவில் வந்து உத்தரவு கொடுத்தாள் என்கிறார் இன்னொருவர். காமாட்சியை நான் தினம் கும்பிடுகிறவன். அவள் சொல்லாததைச் சொன்னதாக என் பெயரை வைத்தே ஒருவர் பேசும்போது, கேட்டும் கேட்காததுபோல இருக்க முடியவில்லை. போன மாதம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "எழுதறதுன்னா நடந்தத மட்டும் எழுது" என்றார்.

அக்கா என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு சத்தம்தான். டேங்கில் மிச்சமிருக்கிற பெட்ரோல் தளும்புகிற சத்தம். எங்கள் பழைய வண்டிகளில் அளவு காட்டும் முள் எதுவும் வேலை செய்யாது. காலையில் வண்டியை எடுக்கும் முன், மேல் கம்பியை ஒரு கையால் பிடித்து வண்டியை இப்படியும் அப்படியுமாக ஆட்டிப் பார்ப்போம். கனமாகத் தளும்பினால் மதியம் வரை கவலையில்லை. அடியில் மட்டும் லேசாகக் கிளுகிளுத்தால் பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும். எல்லா ஓட்டுநரும் செய்வதுதான். ஆனால் அக்கா மட்டும் அப்போது தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஜெபம் செய்கிறார் என்றே தோன்றும்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. செவிலிமேட்டில் வாக்கப்பட்டவர், கிறிஸ்தவக் குடும்பம். கணவருக்கு வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. செவிலிமேட்டு ஸ்டாண்டில் அவர் ஒருவர்தான் பெண் ஓட்டுநர். வயதில் மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டவுனில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் ஓட்டுகிறவன். நாங்கள் இருவரும் பழகியது பெட்ரோல் பங்கில். விலை தினமும் மாற ஆரம்பித்த பிறகு, விடிந்து பலகையில் எண் மாறுவதற்குள் பழைய விலைக்குப் போட்டுவிட வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் போய் வரிசையில் நிற்போம். அதில் மிச்சமாவது ஒரு டீக்குக்கூடப் பத்தாது. ஆனாலும் நிற்போம். ஒரு வெள்ளிக்கிழமை, என் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒட்டியிருந்ததை அக்கா பார்த்தார். தன் வண்டியில் மாட்டியிருந்த மாதா படத்தையும் என் காமாட்சி படத்தையும் மாறி மாறிக் காட்டினார். "உங்க அம்மாவுக்கு எலுமிச்சம்பழம், எங்க அம்மாவுக்கு மெழுகுவத்தி. ஆனா ரெண்டு பேர் உண்டியலும் இந்த பங்க்லதான் இருக்குது, பாத்தியாபா?" என்றார். பெட்ரோல் போடுகிற பையன்கூடச் சிரித்துவிட்டான்.

அக்காவின் காலைச் சவாரி, செவிலிமேட்டிலிருந்து பட்டுக்கடைகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள். நாள் முழுக்க நின்றபடியே சேலையை விரித்துக் காட்டி மடித்து வைக்கிறவர்கள். பெட்ரோல் ஏற ஏற மற்ற வண்டிகளில் கட்டணமும் ஏறியது. அக்கா ஏற்றவில்லை. ஏற்றினால் இந்தப் பெண்களின் வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மற்றொரு வண்டியில் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, "சம்பளம் ஆட்டோவுக்கே போவுதுன்னா ஊட்லயே இரு" என்று மாமியார் நிறுத்திவிட்டார். நல்ல கெட்டிக்காரப் பெண். அந்தப் பெண் வாசலில் நின்று அக்காவின் வண்டி போவதைப் பார்ப்பது அக்காவின் மனதை அறுத்தது. கட்டணம் ஏற்றாமல் ஓட்டவும் முடியவில்லை. கணவர் வண்டியை விற்றுவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். "விக்கவும் மாட்டேன், ஏத்தவும் மாட்டேன். நடுவுல ஒரு வழி இருக்குது, அத்தத் தேடிக்கினு இருக்கேன்" என்று அக்கா பங்கில் என்னிடம் சொன்னார்.

அந்த வழி எங்கள் எல்லோர் கண் எதிரிலும்தான் கிடந்தது. ஆட்டோத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேறு ஸ்டாண்டு வண்டி எங்கள் இடத்தில் ஆளை இறக்கலாம், ஏற்றக் கூடாது. செவிலிமேட்டு வண்டி டவுனில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். டவுன் வண்டி செவிலிமேட்டில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். வழியில் இரண்டு காலி வண்டிகள் எதிரெதிரே வரும்போது கையைத் தூக்கி வணக்கம் வைத்துக்கொண்டு போவோம். அந்தச் சட்டத்தைக் குறை சொல்லவும் மாட்டேன். அதனால்தான் இத்தனை வருடம் அடிதடி இல்லாமல் பிழைத்தோம். ஆனால் பெட்ரோல் விலை இப்படி ஏறிய பிறகு, வாங்கியதில் பாதி காற்றை ஏற்றிக்கொண்டு போவதற்கே எரிகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் உறைக்க ஆரம்பித்தது. உறைத்தாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அக்கா பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. வண்டியை அணைத்துவிட்டு எங்கள் வரிசையின் கடைசியில் வந்து நின்றார். எங்கள் வரிசையில் முன்வண்டி கிளம்பினால் பின்னால் இருப்பவர்கள் யாரும் ஸ்டார்ட் செய்வதில்லை. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, இறங்கிக் கையால்தான் தள்ளி நகர்த்துவோம். அக்காவும் இறங்கித் தள்ளினார். "இன்னா அக்கா, எங்க ஸ்டாண்டுல ரேஷன் போடறாங்களா, வந்து நிக்கிற?" என்று ஒருவன் கிண்டல் செய்தான். "ரேஷன் கடைலயாவது வரிசைக்கு மதிப்பு இருக்குதுபா" என்றார். எங்கள் ஸ்டாண்டுத் தலைவர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம்.

"ஏம்மா, உனுக்கு இங்க வரிசை கெடையாதுன்னு தெரியாதா?"

"தெரியும்ணா. உங்க வண்டிங்க எங்க ஊருல ஏத்தட்டும், நாங்க இங்க ஏத்தறோம். ரெண்டு பேருக்கும் பெட்ரோல் மிச்சம்."

"இன்னிக்கு நீ வருவ, நாளைக்குப் பத்து பேரு வருவான். போம்மா."

அக்காவின் வண்டி முதல் இடத்துக்கு வந்தபோது தலைவர் பின்வண்டியைக் கைகாட்டி ஆள் ஏற்றச் சொன்னார். அக்கா சண்டை போடவில்லை. "நாளைக்கு வர்றேன்ணா" என்றார். "எதுக்கு?" என்றார் தலைவர். "நிக்கத்தான்" என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். தள்ளிக்கொண்டே முன்னால் வருவார், கைகாட்டி விலக்குவார்கள், போய்விடுவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரத்தில்தான் எனக்குச் செவிலிமேட்டுக்கு ஒரு சவாரி கிடைத்தது. அந்த ஊர் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு நெசவாளியும் அவர் மனைவியும் டவுனுக்குப் போக வண்டி தேடி அங்கே வந்தார்கள். நெய்து முடித்த சேலையைத் துணியில் சுற்றி அந்த அம்மாள் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அங்கே வரிசையில் முதல் வண்டி அக்காவுடையது. அக்கா தன் வண்டியில் ஏற்றாமல் என்னைக் காட்டி, "அந்த வண்டில ஏறிக்கோங்க, அவரு டவுனுக்குத்தான் போவறாரு" என்றார். செவிலிமேட்டு ஓட்டுநர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "இன்னாக்கா, டவுன்காரனுக்கு ஆள் புடிச்சிக் குடுக்கறியா?"

"என் முறையத்தான்பா குடுத்தேன். உன் முறையவா எடுத்துக் குடுத்தேன்? நான் கடைசில போயி நிக்கிறேன், போதுமா?" என்று சொல்லிக்கொண்டே அக்கா வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். முதல் இடத்திலிருந்து வரிசையின் கடைசி வரைக்கும், அத்தனை பேர் முன்னாலும் ஒரு பெண் தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எழுந்து வந்தவர்கள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஏனென்றால் முறையை விட்டுக்கொடுப்பது எல்லா ஸ்டாண்டிலும் இருக்கிற வழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம் என்றால் ஒருவன் தன் முறையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். யாருக்கு, ஏன் என்று எவரும் கேட்க மாட்டார்கள். முறை அவனவன் சொத்து. ஏற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

அந்த ரோட்டில் அன்றுதான் முதல்முறையாக என் வண்டி திரும்பும்போதும் கனமாக வந்தது.

இனி என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். "யாருக்கோ முறையக் குடுத்துட்டு, உன் வண்டிய நிறுத்திட்டாங்கன்னா நானும் கொழந்தைங்களும் கோயில் வாசல்லயா குந்தறது?" என்றாள் மனைவி. குழம்பை ஊற்றிவிட்டு அவளே, "அந்தம்மா உனுக்குக் குடுத்துச்சு இல்ல, அப்புறம் இன்னா கேள்வி?" என்றாள். காலையில் காமாட்சி சந்நிதியில் நின்றேன். அம்பாள் எதுவும் சொல்லவில்லை. கனவிலும் வரவில்லை. வெளியே வந்து வண்டியைப் பிடித்தபோது மனைவி சொன்னதுதான் காதில் இருந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த உத்தரவு.

அன்று அக்கா கடைசியில் வந்து நின்றார். என் முறை வந்ததும் இறங்கி, "அக்கா, முன்னாடி வாங்க. என் முறைய எடுத்துக்கோங்க" என்றேன். தலைவர் வேகமாக வந்தார்.

"யாரக் கேட்டு குடுத்த?"

"என் முறை தலைவரே. போன வாரம் எம் பொண்ணுக்கு ஜொரம்னு ஒருத்தருக்குக் குடுத்தேன், நீங்க கேக்கலியே?"

"அவன் நம்ம ஸ்டாண்டுபா. சங்கத்துல பேசி உன்ன வரிசைலேர்ந்தே தூக்கிடுவேன், பாத்துக்கோ."

"தூக்குங்க. தூக்கற வரைக்கும் என் முறை என்னுதுதான்."

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றும் தெரியவில்லை. அக்கா ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைசிக்குப் போனேன். அன்று சாயங்காலம் வரை என்னிடம் யாரும் பேசவில்லை.

அடுத்து நடந்ததுதான் நிறையப் பேர் மாற்றிச் சொல்வது. யாரும் மிரட்டவில்லை, எந்த அதிகாரியும் வரவில்லை. பெட்ரோல் மறுபடி ஏறியது. தலைவருக்குச் செவிலிமேட்டுக்கு ஒரு சவாரி வந்தது. போனவர் திரும்பி வந்தபோது வண்டியில் மூன்று பெண்கள் இருந்தார்கள். அக்கா அவருக்கும் தன் முறையைக் கொடுத்திருக்கிறார். "ஏதாவது சொன்னீங்களாக்கா?" என்று பிறகு கேட்டேன். "ஏறிக்கோங்கம்மான்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட சொன்னேன். அவருகிட்ட சொல்றதுக்கு இன்னா இருக்குது?" என்றார்.

தலைவர் ஆட்களை இறக்கிவிட்டார். பிறகு தன் வண்டியை வரிசையில் நிறுத்தித் தள்ளிக்கொண்டே முன்னால் வந்தார். அதற்குள் அக்காவும் டவுனுக்கு ஒரு சவாரி ஏற்றிவந்து இறக்கிவிட்டு, கடைசியில் நின்றிருந்தார். தலைவரின் முறை வந்தது. இறங்கி நின்று, "ஏம்மா, முன்னாடி வா. என் முறைய எடுத்துக்கோ" என்று கூப்பிட்டார்.

"நீங்க எப்பண்ணா ஏத்துவீங்க?"

"நான் கடைசில நின்னுக்கறேன். உனுக்கு மட்டும்தான் தள்ளத் தெரியுமா?"

அதற்குப் பிறகு கூட்டம் போட்டுப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. டவுனில் ஒருவர், செவிலிமேட்டில் ஒருவர் என்று ஜோடி சேர்ந்துகொண்டோம். இங்கே அவருக்கு நான் முறை கொடுப்பேன், அங்கே எனக்கு அவர் கொடுப்பார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து இரண்டு ஸ்டாண்டும் சம்பந்தி ஆகிவிட்டன. "வாங்க சம்பந்தி, சீர்வரிசை எங்க?" என்றுதான் இன்றும் கூப்பிட்டுக்கொள்கிறோம். பட்டுக்கடைப் பெண்களுக்கு அக்கா கட்டணம் ஏற்றவில்லை. நின்றுபோன அந்தப் பெண் மறுபடி வேலைக்கு வந்தாள். அக்கா வண்டியில்தான் வந்தாள். விற்கச் சொன்ன கணவரே, தன் கையால் வண்டிக்குப் புது மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். அதன் பிறகும் பல வருடம் அக்கா ஓட்டினார். இடுப்பு வலி வந்து, போதும் என்று அவருக்கே தோன்றிய நாளில்தான் வண்டியை விற்றார். பெட்ரோல் விலைக்குப் பயந்து விற்கவில்லை.

இப்போது நான் கேஸ் வண்டி ஓட்டுகிறேன். பெட்ரோலுக்குத் தப்பிக்கலாம் என்று மாறினோம். கேஸும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இளவட்டப் பையன்கள் தொழிலை விட்டுவிடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. இன்று காலையும் காமாட்சிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, மேல் கம்பியைப் பிடித்து வண்டியை ஆட்டினேன். கேஸ் வண்டியில் எந்தச் சத்தமும் கேட்காது என்று தெரியும். ஆனாலும் கை தானாக ஆட்டுகிறது, கண் தானாக மூடிக்கொள்கிறது. பிறகு ஸ்டாண்டுக்குப் போய், செவிலிமேட்டிலிருந்து வந்த சம்பந்திக்கு என் முறையைக் கொடுத்தேன்.

படித்தவர்கள் இதை யாரிடமாவது சொல்வதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். கனவு எதையும் இதில் சேர்க்காதீர்கள். யாரையும் சக்கரத்துக்கு முன்னால் படுக்க வைக்காதீர்கள். ஒரு பெண் தன் முறையைக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். நடந்தது அதுதான். அப்படியே சொல்லுங்கள்.