பதுவையில் நின்ற ரயில்

என் பெரியப்பா பொய் சொல்கிறார். அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடும் அந்தோணியார் திருவிழாவில், ஒவ்வொரு ஜூன் மாதமும் மைக்கைப் பிடித்து அதே பொய்யைச் சொல்கிறார். "எங்க குடும்பம் பதுவைக்கே போயி, அந்தோணியார் கல்லறையைத் தொட்டுட்டு வந்த குடும்பம்." நாங்கள் தொடவில்லை. கோவில் வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம். எனக்கு எட்டு வயது. கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடி போகும் வழியில் வெனிஸில் இறங்கி நான்கு நாள் தங்கினோம். இறங்க வேண்டும் என்று கேட்டது அம்மா. அமெரிக்கா வந்த பிறகு அவள் கேட்டது அது ஒன்றுதான். வெனிஸிலிருந்து பதுவை ரயிலில் கொஞ்ச தூரம். அங்கே கல்லறையில் வைப்பதற்காக ஒரு சின்ன வெள்ளிக் காலைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தாள். நேர்ந்துகொண்டவர்கள் குணமான உறுப்பை வெள்ளியில் செய்து கோவிலுக்குக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு அது ஏதோ பொம்மையின் கால். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி அதை நடக்கவிட்டு விளையாடினேன். அம்மா பிடுங்கவில்லை. "மெதுவா நடக்க விடு" என்று மட்டும் சொன்னாள்.

எங்களை ஸ்பான்சர் செய்து அமெரிக்காவுக்கு அழைத்தவர் பெரியப்பா. அதனால் எங்கே போவது, எப்போது சாப்பிடுவது என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்தார். புதிதாக ஒரு வீடியோ கேமரா வாங்கியிருந்தார். "சும்மா பேசிக்கிட்டே வாங்க! கேமராவப் பாக்காதீங்க!" என்று கத்தி ஒரே பாலத்தில் எங்களை மூன்று தடவை நடத்தினார். முதல் நாள் புறாக்கள். இரண்டாம் நாள் கண்ணாடி ஊதும் தீவு. மூன்றாம் நாள் பதுவை என்று பேச்சு. விடிந்ததும் அது வெரோனா ஆகிவிட்டது.

"சர்ச் வீடியோ எல்லார் வீட்லயும் இருக்கு. வெரோனாவோட ரோமன் காலத்து அரங்கம் நம்ம எடிசன் ஊர்ல ஒருத்தன்கிட்டயும் கெடையாது" என்றார். "பதுவை வழியிலதானம்மா இருக்கு. திரும்பி வர்றப்ப எறங்கிக்கலாம்."

போகும்போது ரயில் பதுவையில் நின்றது. அம்மா கைப்பையோடு எழுந்து என் கையைப் பிடித்தாள்.

"அத்தான், நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு இங்கனயே எறங்கிக்கிடுதேன். நீங்க எல்லாம் போயிட்டு வாங்க."

"உனக்கு அந்த பாஷை தெரியுமா? தொலைஞ்சு போனா போலீஸ் ஸ்டேஷன்ல யாரு நிக்கிறது? உக்காரும்மா" என்றார் பெரியப்பா.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். "அண்ணந்தான் சொல்றாங்கல்ல" என்றார். பெரியப்பா ஜன்னல் வழியாக ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படம் பிடித்தார். கதவு மூடிக்கொண்டது. ஜன்னலோர இடம் போகாமல் தப்பியது என்று எனக்குச் சந்தோஷம்.

வெரோனா அரங்கத்தின் பாதிப் படியிலேயே கேமராவின் பேட்டரி தீர்ந்தது. ஒரு காபிக் கடையில் பிளக்கைக் கெஞ்சி வாங்கி, அது சார்ஜ் ஏறும்வரை உட்கார்ந்தோம். பிறகு மறுபடி அரங்கம், முதல் படியிலிருந்து. பிறகு ஊரே அண்ணாந்து பார்க்கிற ஒரு பால்கனி. அம்மா வழியில் போகிறவர்களிடமெல்லாம் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பும் ரயில் பதுவையில் நின்றபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. "கோயில் பூட்டியிருப்பான்" என்றார் பெரியப்பா. அம்மா இந்த முறை எழவே இல்லை. மறுநாள் காலையில் எங்களுக்கு விமானம்.

அமெரிக்கா திரும்பியதும் பெரியப்பா வீட்டு பேஸ்மென்டில் வீடியோ போட்டார்கள். சமோசாவும் கையுமாகத் தெரிந்த குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. திரையில் அந்தப் பெயர்ப்பலகை வந்தது.

"இதான் பதுவை. நம்ம அந்தோணியார் ஊரு. கோயிலுக்குள்ள கேமரா விடமாட்டான், அதான் எடுக்கல."

எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு ஆன்ட்டி எழுந்து அம்மாவிடம் வந்தார். "கல்லறையைத் தொட்ட கையாக்கா? கொஞ்சம் குடுங்க." அம்மாவின் வலது கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு வரிசையே நின்றது.

"அம்மா, வீ டிடின்ட் ஈவன் கெட் ஆஃப்! நாம எறங்கவே இல்ல!" என்று நான் கத்தினேன்.

"இவ ட்ரெயின்லயே தூங்கிட்டா, பாவம்!" என்றார் பெரியப்பா. ஒரே சிரிப்பு. நானே அதைப் பாதி நம்பிவிட்டேன். எல்லோரும் இறங்கியபோது நான் மட்டும் தூங்கியிருப்பேனோ?

அம்மா கடைசி ஆள்வரை கையைக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினாள். சமோசா எண்ணெய் என்று நினைத்தேன்.

அம்மா இப்போது இல்லை. மூன்று வயதுவரை நான் நடக்கவில்லை என்பதை அவளுடைய அடக்கத்துக்குப் பிறகுதான் அப்பா சொன்னார். அதுவரை, தட்டைச் சுற்றி நான் நடக்கவிட்டது யாருடைய கால் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கால் இன்னும் அதே கைக்குட்டையில் என்னிடம் இருக்கிறது.

பெரியப்பா, வரும் ஜூனில் நீங்கள் மைக்கைப் பிடிக்கும்போது அந்தக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் அம்மாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். ரயில் பதுவையில் இரண்டு தடவை நின்றதே, நம்மில் யார் இறங்கினோம்?