பேச்சியக்காவுக்கு எட்டாத தோல்

பேச்சியக்காவைப் பட்டாசுக் கம்பெனி கொன்றுவிட்டது. நாளைக்குப் பேப்பரில் "வெடிவிபத்து" என்று வரும்... நம்பாதீர்கள்.

நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர். தீபாவளி ஆர்டர். வாசலை மறித்து லோடுக்கு அடுக்கிய பெட்டிகள். உடம்பெல்லாம் வெந்துபோய் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தவர் இன்று காலையில் இறந்துவிட்டார்.

காலேஜ் லீவில் தாயில்பட்டியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துதான் நானும் சரவெடி பின்னினேன். ஆபீசர் ஜீப் வந்தால், அறையில் கூடுதலாக இருப்பவர்கள் தூக்குச்சட்டியோடு வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். சாப்பிடுவதுபோல.

"காலைலருந்து இது மூணாவது மதியச் சாப்பாடு. ஏ புள்ள கலா, எனக்குச் செரிக்கவே மாட்டேங்கு" என்பார் அக்கா.

எந்த ஆபீசரும் அந்தச் சட்டியைத் திறந்து பார்த்ததில்லை.

இப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. இயற்கையில் இல்லாத புரோட்டீன்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, பாக்டீரியாவுக்குள் வளர்த்து எடுக்கிறோம். அப்படி ஒரு ஜெல் செய்தோம். தீக்காயத்தில் ஊற்றினால் புரோட்டீன்கள் தாமாகவே கோத்துக்கொண்டு வலையாகும். உடம்பின் நீர் வெளியேறாது. அந்த வலையைப் பிடித்துப் புதுத் தோல் வளரும்.

பொங்கலுக்கு வந்தபோது அக்காவிடம் சொன்னேன். சின்னச் சின்னத் துண்டு, வரிசையாகக் கோத்தால் தானே மடங்கி உருவம் எடுக்கும் என்று.

"அப்ப அதுவும் கோக்குற வேலைதானா? இதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

சிரித்தார். அப்புறம் மெதுவாக, "எப்பளா ஆஸ்பத்திரிக்கு வரும்?"

முயலுக்கு ஜெல் வேலை செய்தது. அடுத்து மனிதர்களிடம் சோதிக்க வேண்டும். ஆனால் ஜெல்லின் உரிமையை வாங்கிய மருந்துக் கம்பெனி அந்த வேலையை நிறுத்திவிட்டது. அதே புரோட்டீனை வைத்து முகச்சுருக்கத்துக்கு க்ரீம் போடப் போகிறார்களாம்.

"தீக்காயத்துல மார்க்கெட் இல்ல மேடம்" என்றார் அவர்கள் மேனேஜர், போனில். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன்.

போன வாரம் தீக்காய வார்டில் கொசுவலைக்குள் கிடந்தார் அக்கா. முகம் அடையாளம் இல்லை. குரல் மட்டும் அவருடையது.

"கலா... அந்த ஜெல்லு வந்துருச்சாளா?"

வராண்டாவுக்கு ஓடிவந்து மேனேஜருக்குப் போன் போட்டேன். உயிருக்குப் போராடுபவர்களுக்காகச் சிறப்பு அனுமதி கேட்கலாம், நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். "மெயில் போடுங்க மேடம்."

மெயில் போட்டேன். வாட்ஸ்அப்பிலும் போட்டேன். புளூ டிக் விழுந்தது... அவ்வளவுதான்.

ஜெல் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

எரிச்சல் இல்லாமல் தூங்குங்கக்கா.

மேனேஜர் சார், இந்தப் பதிவில் உங்களை டேக் செய்திருக்கிறேன். அதே அறையில் வேலை பார்த்த மாரீஸ்வரி, அக்காவுக்கு அடுத்த கட்டிலில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? இன்றைக்கே சொல்லுங்கள்.