அடுத்த ரயிலில் வரும்

சோணைமுத்துவின் கையெழுத்தை அறியாத கடைத்தெரு மதுரைக்கு மேற்கே அந்த நாளில் குறைவு. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் நாற்பத்து மூன்று கார்டுகள் மேல மாசி வீதிக் கண்ணாடி மண்டியிலிருந்து தபால் பெட்டிக்குப் போகும். நாற்பத்து மூன்றும் அவர் கைப்பட எழுதியவை. இந்தச் சிரமத்தை விட்டுவிட்டு அச்சடித்தால் என்ன என்று யாரோ ஒருவர் முதலாளி வெள்ளைத்துரையிடம் கேட்டதற்கு, "அச்சடிச்சா நோட்டீசுன்னு நெனச்சு வடை மடிச்சுருவாக. சோணை எழுதுனாத்தான் படிப்பாக" என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

முதலாளி சொன்னது பொய்யில்லை. கார்டின் மேல் பாதியில் கடைச் சேதி இருக்கும். லாந்தர் சிம்னி எத்தனை பெட்டி இறங்கியிருக்கிறது, பெல்ஜியம் கண்ணாடி எந்த அளவில் வந்திருக்கிறது, வழியில் உடைந்தது எவ்வளவு என்றெல்லாம் இருக்கும். கீழ்ப் பாதிதான் விசேஷம். அது வாடிக்கைக்காரர் சேதி. திருப்பரங்குன்றத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கும் ஜெயக்கொடி அம்மாளுக்குப் பேத்தி பிறந்தது, டி. கல்லுப்பட்டி வியாபாரி காளை தன் கடையை எதிர்ச்சாரிக்கு மாற்றிக்கொண்டது, இன்னாருக்குக் காய்ச்சல் விட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது என்று இண்டு இடுக்கு விடாமல் எழுதிவிடுவார். ஜெயக்கொடி அம்மாள் வாங்குவது மாதத்துக்கு நாலு கண்ணாடியாக இருக்கலாம். கார்டு ஒரு மாதம் தவறினால் ரயிலேறி வந்து சண்டை பிடிப்பாள்.

இத்தனைக்கும் மனிதர் படித்தது நாலாம் வகுப்பு. செக்கானூரணிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் மண்டிக்கு வந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து வைக்கோலைப் பிடுங்குவது. பெட்டிமேல் கரித்துண்டால் அவர் போட்ட அளவு எண்களைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி பேனாவைக் கையில் கொடுத்தார். அதற்கப்புறம் கண்ணாடி வெட்டவும் பழகிக்கொண்டார். வலது கைக் கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு. எழுதும்போது பேனா அந்தத் தழும்பில்தான் சாய்ந்து நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி அவருக்கு ஒரு சங்கதியைச் சொல்லிவைத்தார். "கடைக்குள்ள 'இல்லை'ங்கிற சொல்லு வரப்படாது. சரக்கு இருந்தா இருக்குன்னு சொல்லு. தீந்துபோச்சுன்னா வருதுன்னு சொல்லு. லச்சுமி காதுல அந்தச் சொல்லு விழுந்துச்சு, அப்புறம் நிசமாவே இல்லாமப் போயிரும்." மதுரைக் கடைகளில் இது ஒன்றும் புதிது அல்ல. வருகிறவர்களுக்கும் இது தெரியும். வெள்ளைத்துரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, "வருது, வருது" என்று இழுத்தால் பேசாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். நேராக முகத்தைப் பார்த்து, "அடுத்த ரயில்ல வருது" என்று சொன்னால் நம்பலாம். இப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அந்தச் சொல் சோணைமுத்து வாயிலும் வரவில்லை, பேனாவிலும் வரவில்லை.

நாற்பதாம் வருஷம் யுத்தம் பெல்ஜியத்துக்குள் புகுந்தது. கண்ணாடி வரத்து அத்தோடு சரி. ஆடி மாதம் கடைசிப் பெட்டியைப் பிரித்தார்கள். ஆவணியில் பின்கட்டில் வைக்கோல் மட்டும்தான் கிடந்தது. ஆனாலும் ஐந்தாம் தேதி கார்டுகள் போயின. "பெல்ஜியம் கண்ணாடி அடுத்த ரயிலில் வரும்" என்று நாற்பத்து மூன்று தடவை எழுதினார் சோணைமுத்து. மனசு உறுத்தத்தான் செய்தது. பழகிய கை என்ன செய்யும், பழகிய வழியில் போய்விட்டது.

புரட்டாசி பாதியில் உசிலம்பட்டியிலிருந்து ஒரு பதில் கார்டு வந்தது. எழுதியவன் கண்ணுச்சாமி. கொழும்பில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் ஆறு வருஷம் எடுபிடியாக இருந்து, தொழிலைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டு, பழைய கேமரா ஒன்றோடு ஊர் திரும்பியவன். சொந்தமாகச் சாண் நிலம் பார்த்திராத குடும்பம் அவனுடையது. உசிலம்பட்டிச் சந்தைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டை வாங்கி, அதையே ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டிருந்தான். அந்த ஊருக்கு அப்போது கரண்டு ஏது? வடக்குப் பக்கக் கூரையில் கண்ணாடி போட்டால்தான் படம் பிடிக்க வெளிச்சம் கிடைக்கும். பன்னிரண்டு கண்ணாடிக்கு அளவை, நீளத்துக்கு ஒன்று அகலத்துக்கு ஒன்று என்று இரண்டு தென்னை ஈர்க்கில் ஒடித்து, காகிதத்தில் சுற்றி ஆடியிலேயே அனுப்பியிருந்தான். இப்போது எழுதியிருந்தது இதுதான்:

"அண்ணன் அவர்களுக்கு நமஸ்காரம். அடுத்த ரயிலில் கண்ணாடி வரும் என்ற கார்டு கண்டு சந்தோஷம். வடக்குச் சரிவில் ஓடுகளைப் பிரித்து இறக்கிவிட்டேன். மரச்சட்டம் தயார். ஐப்பசியில் ஒன்பது கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன். மழைக்கு முன்னால் வந்துவிடும் அல்லவா?"

சோணைமுத்து அந்த வரிகளை மறுபடி படித்தார். அட பாவி மனுஷா, கூரையையா பிரித்தாய்! வந்த கோபம் அவன்மேல் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வரும் என்று எழுதியது யார்? தானேதானே. பதில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அந்த ஒரு சொல்லைக் கை எழுத மாட்டேன் என்றது. நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று மறுநாள் காலை போடி ரயிலில் ஏறிவிட்டார்.

கண்ணுச்சாமி அவரைப் பார்த்ததும் வேட்டி தடுக்க ஓடி வந்தான். "வாங்கண்ணே, வாங்க! சரக்கோட வந்திருக்கீகளா?" என்று அவர் பின்னால் பெட்டி எதுவும் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நிறுத்தினான். தலைக்கு மேலே பச்சைச் சாயம் பூசிய மரச்சட்டம், அதற்கு மேலே வெறும் வானம். சுவரில் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரை. கேமரா கோணித்துணிக்குள் நின்றது.

"எந்த ரயில்லண்ணே வருது?"

"தம்பி, அது வந்து..." சோணைமுத்து மேலே மரச்சட்டத்தைப் பார்த்தார். "வருது தம்பி."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இதற்கா ரயிலேறி வந்தோம்! மேற்கு மலைப் பக்கம் மேகம் கருகருவென்று திரண்டுகொண்டிருந்தது. கண்ணுச்சாமியின் பெண்சாதி தங்கப்பொண்ணு சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்தவள் நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, ஒங்க மொகம் சரியில்லையே. நெசத்தச் சொல்லுங்க. கண்ணாடி இருக்கா, இல்லையா?"

லோட்டாவைக் கீழே வைத்தார். "இல்லம்மா" என்றார். "இல்ல. சண்டை முடியுற வரைக்கும் வராது."

பதினெட்டு வருஷமாக உள்ளே கிடந்த சொல் ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. கண்ணுச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பாரம் குறைந்திருக்கும். சோணைமுத்து தங்கப்பொண்ணு பக்கம் திரும்பினார்.

"அந்த ஓடு எங்கம்மா?"

"எங்க அண்ணன் வீட்டுமேல ஏறி அது ஆச்சு பத்து நாளு. புது ஓடு கேட்டா, மழை முடிஞ்சு தையிலதான் சூளை வைப்போங்கிறாக. கீத்து வேஞ்சா மழை நிக்கும், படத்துக்கு வெளிச்சம் எங்கிட்டிருந்து வரும்?" தங்கப்பொண்ணு மேலே கையைக் காட்டினாள். "இத அந்தக் கார்டுல ஒரு வரி எழுதியிருந்தா, எங்க தலைக்கு மேல ஓடாச்சும் இருந்திருக்கும்லண்ணே."

சாயங்கால ரயிலில் திரும்பி வரும்போது அவருக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்குக் கண்ணில் கரி விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

முதலாளி கடை எடுத்து வைக்கிற நேரம். சோணைமுத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வெள்ளைத்துரைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவன யாரு பிரிக்கச் சொன்னா? மதுரையில எவனாச்சும் வருதுன்னு சொன்னதக் கேட்டுக் கூரையப் பிரிப்பானா?"

"மதுரைக்காரன் ஒங்க மொகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிருவான் மொதலாளி. கார்டுக்கு மொகமா இருக்கு?"

சோணைமுத்துவின் பார்வை கடை முகப்புக்குப் போனது. தேக்குச் சட்டத்தில் பதிமூன்று பெல்ஜியம் கண்ணாடிகள். நடுவில் இருந்ததில் முதலாளியின் தகப்பனார் பெயரும் 'கண்ணாடி மண்டி' என்பதும் தங்க எழுத்தில். தினமும் காலையில் முதலாளி தன் கையால் மல் துணி கொண்டு துடைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"என்னடா பாக்குற?"

"கண்ணாடியப் பாக்குறேன் மொதலாளி."

"வேலை பாக்குற உத்தேசம் இருக்கா ஒனக்கு?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி போயே போய்விட்டார். சரி, நம் பிழைப்பு இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் சோணைமுத்து.

மறுநாள் காலை அவர் வந்தபோது முதலாளி முகப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்போதையும்விட நிதானமாக, மூலை மூலையாக. பதிமூன்றையும் துடைத்து முடித்துத் துணியை மடித்து வைத்தார்.

"தொடச்சுட்டேன். கழட்டு."

"மொதலாளி..."

"நம்ம கடைப் பேருல வருதுன்னு எழுதியாச்சுல்ல? வராட்டா அது பொய்யி. நடுவுல இருக்கிறத மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடு. கணக்கு பன்னெண்டுதான?"

சோணைமுத்து ஈர்க்கை வைத்து அளந்து பார்த்தார். எல்லாமே தேவைக்குப் பெரிசுதான். நறுக்கினால் போதும். வைரக் கத்தியை வைத்துக் கோடு இழுத்து ஒவ்வொன்றாக ஒடித்தார். பதினொன்று சுத்தமாக வந்தன. பன்னிரண்டாவது அப்படி வரவில்லை. விரிசல் கோட்டை விட்டு விலகி மூலைக்கு மூலை ஓடிவிட்டது.

சோணைமுத்து துண்டுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். பிறகு வெள்ளைத்துரை முகப்புப் பக்கம் திரும்பினார். காலி மரச்சட்டத்தின் நடுவே அப்பன் பெயர் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"அதையும் எடு" என்றார். சொல்லிவிட்டு, சோணைமுத்து வெட்டுவதைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

பெட்டியில் வைக்கோல் திணித்து, போடி ரயிலின் சாமான் வண்டியில் ஏற்றி, உசிலம்பட்டி வரைக்கும் பெட்டிமேல் வைத்த கையை எடுக்காமல் போனார் சோணைமுத்து. அன்று மத்தியானமே கண்ணுச்சாமியும் அவரும் கூரையில் ஏறி ஒவ்வொன்றாகப் பதித்து, சட்டத்து இடுக்கில் ஒழுகாமல் இருக்க மக்கு வைத்துப் பூசினார்கள். தங்க எழுத்தைச் சுரண்டலாமா என்று அவர் கேட்டதற்கு, "இருக்கட்டும்ணே, யார் கொடுத்ததுன்னு தெரியட்டும்" என்று சொல்லிவிட்டான் கண்ணுச்சாமி. மக்கு காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ரெண்டு இடத்தில் ஒழுகியது, தங்கப்பொண்ணு சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் அண்ணாந்து நின்று, கண்ணாடிமேல் தண்ணீர் வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பச் சொல்லுங்கண்ணே, வருதா?" என்று சிரித்தாள் தங்கப்பொண்ணு.

"மழைதான வருது, நல்லா வருதும்மா" என்றார் சோணைமுத்து.

மண்டி முகப்பில் சாக்குப் படுதா தொங்கியது. சண்டை முடிகிற வரைக்கும் அதுதான் தொங்கியது. மதுரையில் பெரிய கண்ணாடி வியாபாரி கடையில் கண்ணாடி கிடையாது என்று கடைவீதியே கேலி பேசியது. வெள்ளைத்துரை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் வந்ததும் மல் துணியைக் கையில் எடுப்பார், பிறகு ஞாபகம் வந்து மடித்து வைப்பார்.

ஐப்பசி ஐந்தாம் தேதி சோணைமுத்து கார்டு எழுத உட்கார்ந்தார். அன்றைக்கு வாடிக்கைக்காரர் சேதி மேல் பாதிக்கு வந்துவிட்டது. "உசிலம்பட்டி போட்டோக்காரர் கண்ணுச்சாமிக்குக் கண்ணாடி போய்ச் சேர்ந்தது. மற்ற யாருக்கும் கண்ணாடி இல்லை. வரும்போது எழுதுகிறோம். அதுவரை யாரும் கூரையைப் பிரிக்க வேண்டாம்." முதல் கார்டை முதலாளியிடம் நீட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெள்ளைத்துரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். கார்டைத் தூரத்தில் பிடித்து இன்னொரு தடவை படித்தார். அந்தச் சொல்லை வாயால் சொல்ல அவருக்கு அப்போதும் மனசு வரவில்லை. விரலை அதன்மேல் வைத்துக் காட்டினார்.

"இத இன்னுங் கொஞ்சம் பெருசா எழுது, சோணை. கண்ணு தெரியாதவுகளும் இருப்பாகள்ல."