கைக்குள் அடங்காத இலுப்பை

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்னத்தை மரத்தில் பதித்து, இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்கிறாள் ராசம்மாள். அந்தப் பக்கம் விரலும் விரலும் தொட்டுவிட்டால் மரத்துக்காரர் பாடு கொண்டாட்டம். யாரையும் கேட்காமல் வெட்டிக்கொள்ளலாம். தொடவில்லையென்றால் மனு, விசாரணை, கூட்டத்தில் தீர்மானம். "எட்டலீங்க. மனு குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, தோளில் ஏறிய எறும்பைத் தட்டிவிடுகிறாள்.

வலங்கைமான் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் அவள் வார்டு உறுப்பினர். பெண்களுக்கென்று வார்டு ஒதுக்கியபோது நின்று ஜெயித்தவள். சொந்தப் பட்டா நிலத்து மரமே ஆனாலும், ஓர் ஆள் கைக்குள் அடங்காத பருமன் என்றால் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்பது அங்கே விதி. யாருடைய கை என்று எழுத எவருக்கும் தோன்றவில்லை. ராசம்மாளோ குள்ளம், கையும் குட்டை. ஊரில் பாதி மரம் விதிக்குள் வந்துவிட்டது. "டேப்பு வாங்கித் தர்றோம், அதுல அளங்களேன்" என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான்: "வார்டு என் வார்டு. கையும் என் கை."

கிளை கழிக்கிறவர்களிடம் மட்டும் பரம தாராளம். "முடி வெட்டிக்கிறதுக்கு எதுக்குங்க மனு? ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டிக்கங்க."

போன பங்குனியில் பண்ணை வீட்டுக் கொல்லைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய மிராசுதார் காலமாகி, மகன் சபாபதி மனை போட்டு விற்கிற மும்முரத்தில் இருந்தார். "வாங்க" என்று சொல்வதற்குள் அவருக்கு நாக்கு ஒருமுறை தடுமாறியது. அவர் அப்பா இவளை 'ஏ புள்ள' என்று கூப்பிட்டே பழகிய வீடு. கொல்லைக் கோடியில் பெரிய இலுப்பை. அதன் ஒரு கிளை அடுத்த வீட்டு ஹமீதா பானுவின் ஓட்டில் படுத்து நாலைந்து ஓடுகளை நொறுக்கியிருந்தது.

"அதான் மரத்தையே எடுத்துடலாம்னு. மனை வாங்க ஆள் ரெடியா இருக்கு" என்றார் சபாபதி.

"எனக்குக் கிளை போனா போதும்க்கா" என்று சுவருக்கு அப்பாலிருந்து ஹமீதா பானு குரல் கொடுத்தாள். "நெழலு வேணும். இந்த வெயில்ல எங்க போறது?"

மரம் வெட்டக் கூட்டி வந்திருந்த ஆள் வேறு யாருமில்லை, ராசம்மாளின் தம்பி முருகையன்தான். ஊரில் அவனைவிட்டால் அதற்கு ஆள் இல்லை. "கூலியே வேணாம் சின்னையா" என்று சபாபதியிடம் முன்பே சொல்லிவிட்டானாம். அக்காவைப் பார்த்ததும் கோடரியைத் தோளிலிருந்து இறக்கினான். "அப்பாவ நிக்க வச்ச மரம்க்கா. வேரோட போவட்டும்."

கூலி உயர்வு கேட்டு ஊரெல்லாம் கொடி பிடித்த காலம் அது. அம்மாவுக்கு இடுப்பு வலி கண்டு, வெந்நீர் போட விறகில்லாமல், அப்பா இந்த மரத்தில் காய்ந்த கிளை ஒன்றை ஒடித்துவிட்டார். பண்ணையைக் கவனித்த காரியக்காரர் பார்த்துவிட்டார். அந்தக் கிளையையே தலையில் வைத்து, பொழுது சாய்கிறவரை அடிமரத்தோடு நிற்கவைத்தார்கள். அன்றைக்குத்தான் முருகையன் பிறந்தான். அவன் கேள்விப்பட்டதோடு சரி. கண்ணால் பார்த்தவள் ராசம்மாள்.

அவள் போய் மரத்தைக் கட்டிப்பிடித்தாள். கை பாதி தூரம்கூடப் போகவில்லை. விதியைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. கீழே பூ கொட்டிக் கிடந்தது. அதே கள் வாசனை. எண்ணெய்க் கொட்டை பண்ணைக்கு, பூவை யாரும் சீந்துவதில்லை என்பதால், வேலையில்லாத அந்த மாதங்களில் அம்மாவும் அவளும் விடியுமுன் வந்து மடி நிறையப் பொறுக்கிப்போவார்கள். வறுத்து இடித்த சூட்டோடு அம்மா பிடித்துத் தந்த உருண்டையின் இனிப்புக்கு எந்த மிட்டாய்க் கடையும் பக்கத்தில் வர முடியாது. பட்டினி கிடந்த காலத்தை நினைத்து ஏங்குவதற்கு அவளுக்கே வெட்கம்தான். ஆனாலும் ஏங்கினாள்.

"தம்பி, கூட்டத்துல வைக்கிறேன். ஆனா வெட்ட வேணாம்னுதான் சொல்லுவேன்" என்றாள் சபாபதியிடம். "கிளைய இப்பவே கழிச்சிக்கலாம்."

முருகையனுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க வீட்டு மரத்துக்கு நீ பரிஞ்சு பேசுறியாக்கா? அப்பா நின்னதப் பாத்தவ நீ!"

"பாத்தேன்டா. மறுநா விடியுமுன்ன, பச்ச ஒடம்போட அம்மா இங்க வந்து பூ பொறுக்குனதையும் பாத்தேன். அந்தப் பங்குனி பூரா வேற எதத் தின்னா? நீ குடிச்ச பாலு இந்த மரத்துப் பூவுடா."

முருகையன் கோடரியைக் கீழே போடவில்லை. கண் அடிமரத்திலேயே இருந்தது.

ராசம்மாள் கீழே கிடந்த பூவைக்கூட ஒதுக்கவில்லை. பண்ணை வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, அப்பா நின்ற இடத்திலேயே அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு காலையும் நன்றாக நீட்டிக்கொண்டு, "ம், மேல ஏறு. கிளைய மட்டும் கழி" என்றாள் தம்பியிடம்.