எல்லாக் கோடும் ஓரிடத்தில் இறங்கும் மலை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையைத் தொடங்கினேன். ஆரம்பத்தில் நான்கு கம்பும் தகரமும்தான். பிறகு ஒரே நேரத்தில் ஆறு வண்டி நிற்கிற கொட்டகை. என் பட்டறையில் கட்டிய பாடி அஸ்ஸாம் வரை போய்த் திரும்பினாலும் ஒரு போல்ட் ஆடியிருக்காது. வங்கிக்காரர்கள் உட்காரச் சொல்லாத காலத்தில் இரண்டாவது பட்டறை போட்டேன். கோயில் தேரின் அச்சு முறிந்து பெரிய பெரிய இன்ஜினியர்கள் கையை விரித்தபோது நான்தான் அடித்துக் கொடுத்தேன். தேர் இன்றைக்கும் அந்த அச்சில்தான் ஓடுகிறது. பட்டறை போடுவதற்கு முன்னால் லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர். ஸ்ரீநகரில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு, சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு, உறைபனிப் பாதையில் இறங்கியிருக்கிறேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். அமெரிக்காவுக்கு அனுப்பினேன்.

இதையெல்லாம் இல்லை என்று சொல்ல எவனுக்கும் வாய் வராது. இந்தப் பட்டியலின் கடைசியில் இன்னொன்றும் உண்டு. அதைத்தான் என் வீட்டிலேயே இல்லையென்று ஆக்கிவிட்டார்கள். நியூஜெர்சியில் இருக்கும் என் மகன் குடும்பம் பனிச்சறுக்குக்குப் போக, சரியான மலையைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

சிரிக்க வேண்டாம். அது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்தவனுக்குத்தான் தெரியும்.

மகன் வீடு வெஸ்ட் வின்ட்சரில். நானும் என் மனைவியும் பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் ஊரில். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. அவள் பள்ளிக்கூடத்திலேயே வெள்ளிக்கிழமைகளில் பஸ் வைத்து மலைக்குக் கூட்டிப்போகிறார்கள். கறுப்பு வைரக் குறி போட்ட செங்குத்துச் சரிவில் சாவகாசமாக இறங்குவாள். மகன் நடுத்தரம். நீலக் குறிச் சரிவு வரை காலால் இறங்குவான், அதற்கு மேல் வாயால். மருமகள் ஒருமுறை, கம்பியில் தொங்கி மேலே போகும் நாற்காலி லிஃப்டிலிருந்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள். பழகுகிறவர்களுக்கான பச்சைக் குறிச் சரிவைப் பார்த்தாலே அவளுக்குக் கை வியர்க்கும். என் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்மானம்; பனியை உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. ஆக, ஒரே காரில் போகிறவர்களுக்குள் நான்கு வேகம்.

முந்தைய குளிர்காலத்தில் ஒரு பெரிய மலைக்குப் போனோம். மகனுடைய ஆபீஸில் எல்லோரும் புகழ்ந்த மலை. அங்கே கறுப்புச் சரிவுகள் மலையின் மறுபக்கம் இறங்கின. பேத்தி வேகமாக இறங்கி அந்தப் பக்கத்து அடிவாரத்தில் போய் நின்றாள். போன் எடுக்கவில்லை. மகன் அவளைத் தேடி லிஃப்டில் ஏறினான். மருமகள் இந்தப் பக்கம் பச்சைச் சரிவில் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் சீறிக்கொண்டு போகிற ஆட்களைப் பார்த்து அழுதாள். என் மனைவி மலையடியில் இருக்கிற லாட்ஜின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத இடத்தில், ஷூ மாற்றுகிற பெஞ்சில். நான் ஒருத்தன் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம். திரும்பும்போது காரில் மருமகள்தான் முதலில் பேசினாள்.

"இனிமே நான் வரல. நீங்களும் உங்க பொண்ணும் போய்க்குங்க."

பின்சீட்டிலிருந்து பேத்தி, "ஃபைன். டோன்ட் கம்" என்றாள்.

அம்மாவிடம் பெண் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் குடும்பம் சேர்ந்து போகிற ஒரே பயணம் அது. அதுவும் போனால் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த தடவை மலையை நான் பார்க்கிறேன் என்று.

இலை பழுக்கும் பருவம் வந்ததும் பேத்தியிடம் சொல்லி நான்கு மலைகளின் வரைபடத்தைக் கலரில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். சாப்பாட்டு மேஜையில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு கோட்டையும் உச்சியிலிருந்து அடி வரைக்கும் ஸ்கெட்ச் பேனாவால் இழுத்தேன்.

மகன் காபியோடு வந்து நின்றான். "என்னப்பா, ரூட் போடறீங்களா? ரிவ்யூ எல்லாம் நெட்லயே இருக்கு."

"ரிவ்யூ எழுதறவன் மேல என்ன இருக்குன்னு எழுதுவான். நான் கீழ எங்க முடியுதுன்னு பாக்கறேன்."

மூன்று மலைகளில் கோடுகள் இரண்டு மூன்று இடங்களில் போய் முடிந்தன. நான்காவது ஒரு சின்ன மலை, பென்சில்வேனியாவில், இரண்டு மணி நேர ஓட்டம். அதில் கறுப்பு, நீலம், பச்சை எல்லாம் கூரைத் தண்ணீர் மாதிரி ஒரே முற்றத்தில் வந்து இறங்கின. எவன் எந்த வேகத்தில் போனாலும் வந்து நிற்பது ஒரே இடம்.

"அது குட்டி மலைப்பா. பசங்க ஸ்லெட் பலகைல உக்காந்து சறுக்கற எடம்" என்று மகன் சிரித்தான். நான் விடவில்லை. பழுத்த இலைகளின் நிறம் பார்க்கப் போன அன்றைக்கு, அந்த வழியாக வண்டியை விடச் சொன்னேன். பனி மூடிவிட்டால் எந்தப் பாதையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வெறும் தரையாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இது எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுத்தது இல்லை.

மலை பச்சைப் புல்லாகக் கிடந்தது. லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் மட்டும் கையெல்லாம் கிரீஸோடு நின்றார். கை குலுக்கியதும் இருவருக்கும் புரிந்துவிட்டது, நாங்கள் ஒரே ஜாதி வேலைக்காரர்கள் என்று. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்: "ஃபாஸ்ட் பீப்பிள், ஸ்லோ பீப்பிள், சேம் ரோடு?"

அவர் சிரித்துவிட்டு, "நோ சார். செபரேட்" என்று வேலியைக் காட்டினார். பழகுகிறவர்களின் சரிவுக்குள் வேகக்காரன் நுழையவே முடியாது. அங்கே நாற்காலி லிஃப்டும் இல்லை. கல் குவாரியில் ஜல்லி ஏறுமே, அதுபோல ஒரு பெல்ட் தரையோடு ஓடும். அதன் மேல் நின்றால் போதும், மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மருமகளுக்கு இதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து லாட்ஜ் வாசல் வரை நடந்து பார்த்தேன், ஒரு படிகூட இல்லை. கழிப்பறை அதே தளத்தில். அந்த முற்றத்தைப் பார்த்தபடி முழுச் சுவரும் கண்ணாடி. வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடத் தனி அறை, அதில் மைக்ரோவேவ்.

அந்த வண்டியில் இன்னொருவரும் இருந்தார். மருமகளின் அப்பா, என் சம்பந்தி. கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். டெக்ஸாஸில் இருக்கும் தன் மகன் வீட்டிலிருந்து அந்த மாதம்தான் வந்திருந்தார். நான் மலையடியில் நடந்துகொண்டிருந்தபோது அவர் ஹீட்டர் போட்ட காரைவிட்டு இறங்கவில்லை. திரும்பி வந்து நான் மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் போனை எடுத்தார்.

"மெதுவா சொல்லுங்க சம்பந்தி, நான் குறிச்சுக்கறேன். இல்லேன்னா மறந்துடும்."

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டார். நான்கு வரிசை, நான்கு மலை. ஆறு கட்டம், ஆறு கேள்வி. ஆறும் நான் கேட்ட கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டிருந்தார். "உங்க அனுபவத்த ஒரு ஸ்ட்ரக்சர்ல கொண்டாந்துட்டேன்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானே எழுந்து போய் அவருக்குக் காபி கலந்து கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்தக் காபிதான் தொண்டையில் நிற்கிறது.

பிப்ரவரியில் போனோம். எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. பேத்தி கறுப்புச் சரிவில் இறங்கி வந்து நின்ற முற்றத்திலேயே அவள் அப்பாவும் வந்து நின்றான். ஒருவரை ஒருவர் தேடவில்லை, ஒரு போன்கால் இல்லை. மதியம் எல்லோரும் ஒரே மேஜையில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். என் மனைவி கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மருமகள் பெல்ட்டில் ஏறினாள், இரண்டு தடவை விழுந்தாள், மூன்றாவது தடவை விழவில்லை.

"ஏனுங்க! வந்துட்டாளுங்க! நின்னுக்கிட்டே வந்துட்டா!" என்று என் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜை வெள்ளைக்காரர்களும் கை தட்டினார்கள்.

மருமகள் முகம் சிவந்து உள்ளே வந்தவள் நேராக என்னிடம்தான் வந்தாள். "மாமா, அந்த பெல்ட் மட்டும் இல்லேன்னா நான் ஏறியே இருக்க மாட்டேன்." இந்த வார்த்தையை நான் கற்பனை செய்யவில்லை. அவள் சொன்னது.

சித்திரைப் பிறப்புக்குத் தமிழ்ச் சங்கத்தில் விழா. மலர் ஒன்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் என் மகன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான்: ஆளுக்கொரு திறமை உள்ள குடும்பம் பனிச்சறுக்கு மலையை எப்படித் தேர்ந்தெடுப்பது. ஆசையாகப் படித்தேன். எல்லாக் கோடும் ஓரிடத்தில் இறங்க வேண்டும் என்று இருந்தது. பனி விழும் முன்பே போய்ப் பாருங்கள் என்று இருந்தது. வேலி, பெல்ட், படியில்லாத வாசல், கண்ணாடிச் சுவர், ஒன்று விடவில்லை. கடைசியில் நன்றி: "முறையான ஆராய்ச்சி செய்து அட்டவணை தயாரித்த என் மாமனாருக்கு."

அடுத்த பக்கத்தில் படம். நானும் என் மனைவியும் குல்லா போட்டுக்கொண்டு நிற்கிறோம். கீழே ஒரு வரி: "பனியை ரசிக்கும் என் பெற்றோர்."

நான் ரசித்தேனாம்.

கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் இளைஞர் ஒருவர் சம்பந்தியிடம் வந்தார். "அங்கிள், செம அனாலிசிஸ்! அடுத்த விண்டருக்கு பத்து ஃபேமிலி சேர்ந்து அங்கதான் புக் பண்றோம்."

சம்பந்தி கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "எல்லாம் ஒரு மெத்தடாலஜிதான் தம்பி. மொதல்ல என்ன கேக்கணும்னு தெரியணும்."

நான் காத்திருந்தேன். இப்போது என் பக்கம் திரும்புவார், இதோ இவர்தான் என்று சொல்வார் என்று. அந்த இளைஞர்தான் திரும்பினார். "அங்கிள், நீங்க எப்படி ஸ்னோவ மேனேஜ் பண்ணீங்க? குளிரலையா?"

"அவரா? சம்பந்தி காஷ்மீர்லயே லாரி ஓட்டினவர்!" என்று சம்பந்தி என் தோளில் தட்டினார். காஷ்மீரை என்னிடம் கொடுத்துவிட்டு மலையை அவர் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மலரை மேஜையில் போட்டு மகனைக் கேட்டேன்.

"அப்பா, நான் அவர் ஷீட்ட பாத்துதான்ப்பா எழுதினேன். அதுல இருந்ததத்தான் போட்டேன்."

"அந்த ஷீட்டுல பேசினது யாருடா?"

"ஃபேமிலியா சேந்து பண்ணதுதானே. இதுல போய் உன்னுது என்னுதுன்னு..."

"சேந்து பண்ணதுன்னா அவருக்கு மட்டும் எதுக்கு நன்றி?"

அவன் மலரை எடுத்து மூடினான். சம்பந்தி சோபாவிலிருந்து, "நான் போடச் சொல்லலையே சம்பந்தி. மாப்பிள்ளை தானா போட்டது" என்றார்.

"வேண்டாம்னும் நீங்க சொல்லலீங்களே."

மருமகளைப் பார்த்தேன். என்னிடம் வந்து அந்த வார்த்தை சொன்னவள். "அப்பாவும் ரெண்டு நாள் உக்காந்து டைப் பண்ணாங்களே மாமா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். என் மனைவி, நாற்பத்தைந்து வருஷமாக என்னோடு இருக்கிறவள், "விடுங்க, பையன் ஆசையா எழுதியிருக்கான்" என்றாள். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கத்தியவள் அவள். அந்த நாற்காலி அங்கே எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியும்.

பேத்தி மட்டும் போனிலிருந்து தலை தூக்காமல், "டாட், இட் வாஸ் தாத்தாஸ் ஐடியா. ஹி மேட் மீ பிரிண்ட் த மேப்ஸ்" என்றாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

கோபத்தைவிட எனக்கு வலித்தது வேறு. மகன் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் வலி. தட்டச்சு செய்த காகிதத்தில் இருந்தால் ஆராய்ச்சி, என் வாயில் இருந்தால் பேச்சு. நான் இழுத்த ஸ்கெட்ச் கோடுகள் அவன் கண் முன்னால்தான் மேஜையில் கிடந்தன. அவன் காபியோடு நின்று பார்த்தான். பார்த்தவனுக்கே என்னைப் பற்றி எழுத வந்தபோது, குல்லா போட்டுக்கொண்டு பனியை ரசிக்கிற கிழவன்தான் ஞாபகம் வந்தான்.

இப்போது சங்கம் அந்த மலரை இணையத்தில் ஏற்றப் போகிறதாம். புதிதாக வருகிற குடும்பங்கள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் மலையைத் தேர்ந்தெடுப்பார்களாம். மகன் சமாதானத்துக்கு வந்தான்: "கீழ கமென்ட்ல ஒரு வரி போட்டுடறேன்ப்பா." எனக்குக் கமென்ட் வேண்டாம். தனியாகக் கட்டிப்பிடித்து நன்றி சொல்வதும் வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். இணையத்தில் ஏற்றும் முன் கட்டுரையின் முதல் பத்தியில், மற்ற எழுத்தின் அதே அளவில், இப்படி இருக்க வேண்டும்: "இந்த மலையைத் தேர்ந்தெடுத்தவர் என் அப்பா. வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தவரும், பனியில்லாத நாளில் நடந்து பார்த்தவரும், ஆறு கேள்விகளையும் கேட்டவரும் அவர். அட்டவணையாக எழுதியவர் என் மாமனார்." சம்பந்தியின் பங்கை நான் மறைக்கவில்லை, பாருங்கள். படத்துக்குக் கீழே உள்ள வரியையும் எடுத்துவிட வேண்டும். அந்தப் பத்தி வரும்வரை அந்தக் கட்டுரை என் மகனுடையது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டேய் மகனே, போடு.